கைச்சங்கிலி

மாநாட்டின் ஒற்றுமைப் புகைப்படத்துக்காக, போர் நடக்கும் நாட்டின் தூதர் மிரோவனை நடுவில் நிறுத்தினார்கள். இருபத்தாறு தலைவர்கள் இருபுறமும் கைகோத்தார்கள். குண்டுவீச்சில் வலக்கை போனவர் அவர். வெறும் கோட்டுக்கையை மடித்துக் குத்தியிருந்த ஊக்கை வாசல் சோதனையில் பிடுங்கி வைத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற பிரதமர் அந்தத் துணியைத் தொட்டதும் சூடுபட்டதுபோல் விரலை இழுத்துக்கொண்டார்.

"சங்கிலி அறுந்துபோச்சே," என்று புகைப்படக்காரி உச்சுக்கொட்டினாள். "ஐயா, நீங்க ஓரத்துக்குப் போயிடுங்க."

போனார். அங்கிருந்தவர் அவருடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கோட்டுக்கை காத்துல ஆடுது, படத்துல விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இன்னும் கொஞ்சம்."

தள்ளத் தள்ள, பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின.

"ஆங், அருமை! யாரும் அசையாதீங்க!"

மிரோவனும் சிரித்தபடி அசையாமல் நின்றார்.