பின்னறைச் சுவர்

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "முன்னாடி வந்த மூணு கான்ட்ராக்டரும் மேல் மாடியையும் வாடகைக்கு எடுக்கச் சொல்றாங்க. இருக்கிற இடத்துலயே ரிசப்ஷனைப் பெருசாக்க முடியாதா?"

எதிரே உட்கார்ந்திருந்த கான்ட்ராக்டர் ஆபீஸ் வரைபடத்தை விரித்தார். ஒரு வருடமாக அவருக்கு வீட்டுக் குளியலறை வேலையைத் தவிர எதுவும் சிக்கவில்லை. வரைபடத்தை மேய்ந்த கண் ஓரிடத்தில் நின்றது.

"இந்தப் பின்னறைச் சுவரைத் தட்டிட்டா போதும் சார். வாடகையும் மிச்சம்."

"அங்க பில் போடறவங்க உக்காந்திருக்காங்களே?"

"அதுக்குக் கம்ப்யூட்டர் போதாதா சார்? அவங்களை எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க? வீட்டுக்கு அனுப்பிடுங்க."

மேனேஜர் முகம் மலர்ந்தது. "இது எனக்குத் தோணவே இல்லையே! வேலை உங்களுக்குத்தான். அவங்ககிட்ட இப்பவே சொல்லிடறேன்."

கால் தரையில் பாவாமல் படியிறங்கினார் கான்ட்ராக்டர். கீழே, லிஃப்ட் மறைவில் காத்திருந்தாள் அவர் மனைவி. கழுத்தில் அதே ஆபீஸின் அடையாள அட்டை.

"கிடைச்சிடுச்சா? நான் உங்க பொண்டாட்டின்னு அவர்கிட்ட மூச்சு விடலையே?"

"விடுவேனா? நீ சொல்லித்தானே இந்த வேலையே தெரியும்! இனிமே உன் ரிசப்ஷன் ஜம்முனு ஆயிடும் பாரு. ஆமா, உன்னை அங்க சீட்ல காணோமே?"

"இடம் பத்தலைன்னு இன்னிக்குக் காலைலதான் பின்னறைக்கு மாத்தினாங்க. சுவர் கிவர் இடிச்சா தூசி எங்க பக்கம் வராமப் பாத்துக்கோங்க, என்ன?"

அவர் கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மாடிப்படியிலிருந்து பியூன் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, பின்னறை ஆளுங்க எல்லாரையும் மேனேஜர் உடனே வரச் சொல்றாரு!"

"பாத்தீங்களா, நல்ல சேதியை எங்களுக்கும் சொல்லப் போறாரு" என்று சிரித்தபடியே படியேறினாள் அவள்.