ஆயிரத்து முந்நூற்று இரண்டு

அவள் முன்னால் இருந்த கணினித் திரையில் மறுபடியும் குப்பை.

கேள்விக்குறி, கட்டம், அரைகுறை எழுத்து. நிமிடத்துக்கு ஒரு வரி.

துறைமுகக் கொட்டகையின் தகரக் கூரையைக் காற்று உலுக்கியது. புயலில் இரண்டு படகுகள் இன்னும் திரும்பவில்லை. ஒன்றில் அவள் தம்பியும் மூன்று பேரும். இன்னொன்றில் ஜெசிந்தாவின் புருஷனும் இரண்டு பேரும்.

தம்பியின் படகில் மட்டும் அவள் செய்த பெட்டி இருந்தது. படகு நிற்கும் இடத்தையும், படகில் இருப்பவர் குமிழைத் திருகி வைக்கும் ஆள் கணக்கையும் அது ரேடியோவில் கரைக்கு அனுப்பும்.

"என்னட்டி இது, கோழி கிண்டுன மாதிரி?" ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"குப்பை வருதுன்னா பெட்டி உசுரோட இருக்கு மைனி."

படகு?

அவள் திரைக்குத் திரும்பினாள்.

பெட்டி பேசும் வேகமும் கரை கேட்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். நொடிக்கு ஆயிரத்து இருநூறு துடிப்பு. பிசகினால் எழுத்து உடையும்.

எங்கே பிசகியது?

கிளம்பும் அவசரத்தில் தம்பி போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. பெட்டியில் கிரிஸ்டல் உடைந்துவிட்டதாம். கடையில் வேறு வாங்கிப் போட்டுவிட்டானாம்.

துடிப்புக்குத் தாளம் கொடுப்பது அதுதான். அதன் தலையில் 11.0592 என்று எழுதியிருக்க வேண்டும். அந்தக் கோணல் எண்ணை வகுத்தால்தான் ஆயிரத்து இருநூறு மிச்சமில்லாமல் வரும்.

தம்பிக்குக் கோணல் எண் ஆகாது. ஐந்தே முக்கால் மணியை ஆறு என்பான். எட்டு மீன் பிடித்தால் பத்து என்பான். கடையில் அவன் கை எதை எடுத்திருக்கும்?

பன்னிரண்டு.

கடலில் கிடக்கும் பெட்டியை மாற்ற முடியாது. கரையை மாற்றலாம்.

தாளம் கூடினால் பெட்டியின் பேச்சும் அதே அளவு வேகம் கூடும். கணக்குப் போட்டாள். கேட்கும் வேகத்தை 1302 என்று அடித்தாள். யாரும் வைக்காத வேகம்.

கூரை தடதடத்தது.

வரி வந்தது. ஓர் எழுத்துகூட உடையவில்லை.

படகு இருக்கும் இடம். அதன் பின்னால், ஆள்: 7.

நான்கு பேர்தான் போனார்கள்.

அவனுடைய வழக்கமான கூட்டலோ? இல்லை. கூட்டிச் சொல்வதென்றால் அவன் பத்து என்பான். ஏழு என்று வைத்திருக்கிறான் என்றால், ஒவ்வொரு தலையாக எண்ணியிருக்கிறான். நான்கும் மூன்றும்.

அடுத்த வரி. இடம் கரைப்பக்கமாக நகர்ந்திருந்தது. ஏழு மாறவில்லை.

திரையை ஜெசிந்தாவின் பக்கம் திருப்பினாள்.

"மைனி, ஏழு பேருக்கு உலை வைக்கணும்."