ஏழாவது ஜாடி

"கறி நீயும் சாப்பிடுறியா, இல்ல பரிமாறுறதோட சரியா? உடம்புல ரத்தமே இல்லையேம்மா" என்று போன வாரம் டாக்டரம்மா கேட்டபோது நுஹாத் சிரித்து மழுப்பிவிட்டாள்.

இப்போது பெக்கா சமவெளியின் மாலை வெயில் சமையலறைத் தரையில் சாய்ந்து கிடக்கிறது. பனிக்காலத்துக்காக ஆட்டுக்கறியை அதன் கொழுப்பிலேயே வதக்கி, ஏழு மண் ஜாடிகளில் அவள் நிரப்பி வைத்திருக்கிறாள். கணவன் அபூ ஜாத் ஒவ்வொரு ஜாடியாகத் தட்டிக்கொண்டே வருகிறான். "இது அண்ணனுக்கு, இது வேட்டைக்கு வர்ற கூட்டாளிகளுக்கு... உனக்கென்ன, தயிரும் கோதுமையும் போட்ட கிஷ்க் கஞ்சியே போதும், குருவி வயித்துக்காரி!" கறியின் மேல் கொழுப்பு மெல்ல வெள்ளையாக உறைகிறது. நுஹாத் ஏழாவது ஜாடியை, சூடு ஆறுமுன்பே, மடிக்கு இழுத்துக்கொள்கிறாள்.

"பதினோரு வருஷமா கேக்காமயே இருந்துட்டேன், அபூ ஜாத். இது ஒண்ணை எனக்குக் குடுங்க."