ஒரு கரண்டிப் பால்

சின்னக் கோப்பையில் இருந்தது ஒரு தேக்கரண்டிப் பால். மூடியோ சரியாக இறுகாத மூடி. அதைச் சிந்தாமல் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அருட்செல்வனுக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

கைதான் சொல்வழி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி மேல்மாடியில் அவனுடைய மனைவி நிவேதனா வயிற்றுத் தையலோடு படுத்திருந்தாள். கீழே, முற்றத்துக்கு அப்பால், குறைமாதக் குழந்தைகளின் அறையில் அவர்களுடைய மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பல வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. இரத்தத்தில் சீனி நிற்கவில்லை என்றார் டொக்டர். குளுக்கோஸ் சேலைனைக் குறைத்தால் சீனியும் கூடவே இறங்கிவிடுகிறது. இப்படியே இறங்கினால் மூளைக்குக் கூடாது. தாய்ப்பால் துளியாக வந்தாலும் உடனே கொண்டுவாருங்கள் என்றார்.

வல்வெட்டித்துறையில் எல்லாருக்கும் சீனி ஏறித்தான் வருத்தம். அருட்செல்வனுக்கும் நாற்பது வயதிலேயே வந்துவிட்டது. சீனி இறங்கியும் ஓர் உயிர் போகும் என்பது அவனுக்குப் புதுச் சங்கதி.

பிள்ளை பிறந்ததிலிருந்து நிவேதனாவுக்குப் பால் சுரக்கவில்லை. இன்று மத்தியானம்தான், பிழிந்து பிழிந்து, அழுது அழுது, இவ்வளவு.

படிகளில் நோயாளரைப் பார்க்க வந்தவர்களின் கூட்டம். யாரோ சாப்பாட்டுக் கரியரைத் திறக்க, பாரைமீன் குழம்பு மணந்தது. அருட்செல்வன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கழுத்தெல்லாம் வியர்த்து வழிந்தது.

எரிச்சலாக வந்தது. வழிவிடாதவர்கள்மேல் எரிச்சல். வழிவிட்டு, கோப்பையை எட்டிப் பார்த்தவர்கள்மேல் அதைவிட எரிச்சல். இந்தப் படிகளை இவ்வளவு செங்குத்தாகக் கட்டிய புண்ணியவான் கையில் கிடைத்திருந்தால் அன்று நல்லாய் வாங்கிக் கட்டியிருப்பான்.

நிவேதனாவின் தம்பி நிருஷன் பின்னால் ஓடிவந்தான்.

"அத்தான், கை நடுங்குது. தாங்கோ, நான் கொண்டுபோறன்."

"நீ பேசாமல் வா."

வாடைக்காற்றில் ஆடுகிற படகில் நின்றபடி எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறவன் அருட்செல்வன். ஒரு சொட்டு வெளியே போகாது. அந்தக் கைக்கு இன்று என்ன கேடு வந்தது? பயம்தான், வேறென்ன, என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

முற்றத்து வெயிலில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கதவும் இரண்டு. எது உண்மையான கதவு என்று நின்று யோசிக்க நேரமில்லை. தோளால் ஒன்றை இடித்தான். திறந்தது.

நிருஷனுக்கு உள்ளே அனுமதியில்லை. வாசலிலேயே நின்றுகொண்டான்.

தாதி யசிந்தா கோப்பையை வாங்கித் திறந்து பார்த்தாள். சிந்தவில்லை. மெல்லிய குழாய் வழியே பால் பிள்ளைக்குள் இறங்கியது. டொக்டர் சேலைனைச் சற்றுக் குறைத்தார். பிறகு காத்திருந்தார்கள். காத்திருப்பது எப்படியென்று அருட்செல்வனுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், நடந்தான், சுவரைப் பிடித்துக்கொண்டான்.

பிள்ளையின் குதிக்காலில் குத்தி, ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தாள் யசிந்தா.

"நிக்குது அண்ணை. சீனி இறங்கேல்லை."

அவன் அழுதான். அழுதபடியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

யசிந்தா அவனுடைய முகத்தைப் பார்த்தாள். வெளிறிய உதட்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அவனுடைய விரலைப் பிடித்துக் குத்தினாள். கயிறு இழுத்துக் காய்த்த விரல். இரண்டாம் தரம்தான் இரத்தம் வந்தது.

பிள்ளைக்கு இருந்ததைவிடத் தகப்பனுக்குக் குறைவாக இருந்தது.

"சீனிக் குளிசை போடுறனீங்களோ?"

"ஓம். காலமையும் போட்டனான்."

"சாப்பிட்டனீங்களோ?"

அவன் தலை குனிந்துகொண்டான். "கந்தசட்டி விரதம், மிஸ்."

யசிந்தா குருநகர் வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் அவளுக்குத் தெரியாததா? குளுக்கோசைக் கரைத்து அவன் வாயருகே கொண்டுவந்தாள்.

"அது பிள்ளை வேணுமெண்டு பொம்பிளையள் பிடிக்கிற விரதமெல்லோ?"

"அவள்தான் பிடிச்சவள். நடுவிலை பிள்ளை பிறந்திட்டுது. விடமாட்டன் எண்டு பச்சைத் தண்ணியோடை கிடந்தாள். பிறகு பால் எப்பிடி வரும்? மிச்சத்தை நான் பிடிக்கிறன் எண்டு சத்தியம் பண்ணினாப் பிறகுதான் நேற்று ஒரு வாய் சோறு வைச்சவள்."

குளுக்கோசைக் கையால் மெல்லத் தள்ளினான்.

"இப்ப நான் இதைக் குடிச்சனெண்டு தெரிஞ்சால், நாளைக்கு அவள் சாப்பிடமாட்டாள்."

வாசலில் நிருஷன் கண்ணாடிக் கதவோடு முகத்தை ஒட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

யசிந்தா எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடினாள்.