சிவப்பு மையில் ஐந்து ஆல்பங்கள்

மூன்றாம் எண்ணுக்கு நூற்றுக்குப் பதினாலு போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார் அப்பா. "இது ரெண்டாம் நம்பரைப் பாத்து எழுதினது. தப்புகூட அதே இடத்துல வருது" என்று சிவப்புப் பேனாவை மூடினார்.

முப்பத்தோரு வருஷம் பொதுத்தேர்வுக் கணக்குத் தாள் திருத்தியவர். யார் சிபாரிசு பண்ணினாலும் அரை மதிப்பெண் கூட்டியதில்லை. ஆனால் இன்று அவர் முன்னால் விடைத்தாள் ஒன்றுகூட இல்லை. இரண்டு ஸ்பீக்கர்கள்தான் இருந்தன. அவர் திருத்திக்கொண்டிருந்தது பாட்டு ஆல்பங்களை.

இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் மகன், இரண்டு வருஷமாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டிலும் கம்ப்யூட்டரிலும் மெட்டுப் போட்டு ஓர் ஆல்பத்தை முடித்திருந்தான். அப்பா அதில் ஒரு நொடிகூடக் கேட்டதில்லை. வேலையை விட்டுவிட்டு இனி இதுதான் என்று மகன் சொன்னபோது, மூன்று தலைமுறையாக மாதச் சம்பளமும் நல்ல பெயருமாக இருந்த குடும்பம் ஒரு நிமிடம் மூச்சுவிடவில்லை. அப்பா கத்தவில்லை. பரீட்சை வைத்துவிடலாம் என்றார்.

மகனுடைய சிடியோடு, அவன் உசத்தி என்று கொண்டாடும் வேறு நாலு பேருடைய பாப், எலக்ட்ரானிக் ஆல்பங்களும் சேர்ந்தன. பெயர் தெரியாமல் தாள் ஒட்டி, ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டது அம்மா. எந்த எண் யாருடையது என்ற பட்டியலை உறையில் போட்டு ஒட்டியதும், உள்ளறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டதும் அம்மாதான்.

மகன் முப்பத்தைந்து வாங்கினால் நாளைக்கு ராஜினாமா. வாங்காவிட்டால் கீபோர்டு பரண்மேல் ஏறும். நாளைக்கு ஒன்பதரைக்கு ஆபீஸ். இரண்டு பேரும் வாக்குக் கொடுத்தார்கள். அந்த வீட்டில் கொடுத்த வாக்கை யாரும் திரும்ப வாங்கியதில்லை.

திருத்தும் இடத்தில் மாணவன் இருக்கக் கூடாது. அதனால், பாட்டு காதில் விழாத தூரத்தில், கீழே பைக் நிறுத்தும் இடத்தில் மகன் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தான். அம்மா அவனுக்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பையைக்கூட அப்பா தூக்கி, துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

ஒன்றாம் எண்ணுக்குப் பதினெட்டு விழுந்திருந்தது. 'கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். திறந்தால் ஆளைக் காணோம்' என்று ஓரத்தில் குறிப்பு. இரண்டாம் எண்ணுக்குப் பதினொன்று. ஒரே வரியை முந்நூறு தடவை எழுதியிருக்கிறான், இது பாட்டல்ல, வகுப்பில் பேசியதற்கு எழுதிய இம்போசிஷன் என்றார்.

நாலாம் எண் கொஞ்சம் தேறியது. மூன்றாம் எண்ணைவிடச் சுத்தம், அடித்தல் திருத்தல் இல்லை. ஆனால் நடுவில் பாடும் பெண் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிறாள், பெரியவர்கள் முன்னால் இப்படியா என்று இருபத்தொன்பதோடு நிறுத்தினார்.

உள்ளறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ஒரு ஆறு மார்க்தானேங்க. சேத்துப் போட்டாத்தான் என்ன?"

எண் போட்டவர் வாயைத் திறந்தால் பரீட்சையே செல்லாது என்று அப்பா எச்சரித்தார். அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் எண் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அப்பாவின் வலது கால் கட்டைவிரல் தானாக ஆடியது. அதை முறைத்து நிறுத்தினார். உடனே இடது கால் ஆரம்பித்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் பேனாவைத் திறந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, எண்பத்திரண்டு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மகனை மேலே வரச்சொன்னார்கள். அப்பா எழுந்து நின்று மதிப்பெண்களை வாசித்தார். எண்பத்திரண்டைக் கேட்டதும் மகன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உறையைப் பிரித்தார்கள்.

மகனுடைய எண் இரண்டு.

பதினொன்று. அந்தக் குடும்பத்தில் பிறந்த யாரும் எந்தப் பரீட்சையிலும் வாங்காத மதிப்பெண். மகன் வாதாடவில்லை. "சரிப்பா. பேச்சுன்னா பேச்சுதான்" என்று சொல்லிவிட்டு, கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி முழங்கையில் சுற்ற ஆரம்பித்தான்.

அப்பா ஐந்தாம் எண் தாளைத் தட்டிக் காட்டினார்.

"இவனைக் கேட்டுப் பாருடா. எங்க நிறுத்தணும், எங்க அடங்கணும்னு தெரிஞ்சவன். ஒரு இடத்துலகூட மத்தவனைப் பாத்து எழுதல. உன்னோடதையும் கேட்டேன், இதையும் கேட்டேன், மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இப்படி ஒரு பிள்ளையைப் பெத்தவங்க கொடுத்து வெச்சவங்க."

ஒயர் சுற்றி முடிந்தது. மகன் பரணுக்கு ஏணியைச் சாத்தினான். அம்மா உள்ளறை வாசலில் வந்து நின்றாள்.

"ஊரார் பிள்ளைங்க பாட்டை நான் எதுக்குப் போடணும்? அஞ்சு தடவையும் நம்ம பிள்ளையோடதைத்தாங்க போட்டேன்."