அமெரிக்காவைப் பற்றிய கேள்விகள்

பிளெஸ்ஸி குளியலறைக் கதவைத் தாழிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு போனைக் காதில் வைத்தாள்.

"கேக்கறேண்ணா. கோல்டு வார் காலத்துல அமெரிக்காவோட பெரிய கவலை இன்னா?"

"கம்யூனிசம்."

"நிறவெறிய ஒழிக்கப் போராடின இயக்கம்?"

"சிவில் ரைட்ஸ் மூவ்மென்ட். இன்னாடி தண்ணி சத்தம்?"

"துணி தொவைக்கறேன்."

அங்கே காலை ஒன்பது மணி. குடியுரிமை அலுவலகத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தான் அவள் அண்ணன் ஜோனத்தான். பத்து மணிக்கு நேர்காணல்; அமெரிக்க வரலாற்றிலிருந்து கேள்வி கேட்பார்கள்.

இங்கே, சத்தியவேட்டுக்குப் பக்கத்து மிஷன் காலனியில், மாலை ஆறரை.

போன முறை அதிகாரியின் முன்னால் அவனுக்கு நாக்கு எழவில்லை. இது இரண்டாவது வாய்ப்பு. இதையும் விட்டால் மறுபடி மனுப் போட்டு முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். பத்து வருடமாக அங்கே இருப்பவர்களே எப்போது நாடு கடத்துவார்களோ என்று பையைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு பயப்படுகிற காலம்.

இரண்டு மாதமாகத் தினமும் பிளெஸ்ஸிதான் கேள்வி கேட்டாள். பத்தாவதில் பாதியில் நின்றவள். கேள்விப் புத்தகத்தில் செக்ரிகேஷன், சஃப்ரேஜ், கிரேட் டிப்ரெஷன் என்று ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழில் எழுதி, அர்த்தத்தைத் தேடிப் பிடித்தாள். ஓட்டுப் போடும் உரிமைக்காக அந்த ஊர்ப் பெண்கள் எழுபது வருடம் போராடினார்களாம். அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருந்தாள்.

"எனக்குப் பதிலா நீ வந்தா பாஸாயிடுவ," என்று அவன் சிரித்தான். "அமெரிக்கா உனக்குத்தாண்டி குடுக்கணும்."

"எனக்கு எதுக்கு? அங்க கரண்டே போவாதாமே. பொழுது எப்டிப் போவும்?"

"நைனா இன்னா பண்றாரு?"

"படுத்துக்கினு கீறாரு."

அப்போது மணி அடித்தது.

சர்ச் மணி. ஒரே ஒரு அடி. நீண்ட இடைவெளி. மறுபடி ஓர் அடி.



மதியம் மூன்று மணிக்கு நைனாவின் மூச்சு நின்றதும், சித்தப்பா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஸ்டேட்டஸ் போடக் கூடாது. ஜோனத்தானுக்கு யாரும் போன் செய்யக் கூடாது. "பையன் உள்ள போய்ட்டு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்பதுதான் நைனா கடைசியாகப் பேசிய பேச்சு.

எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். மணியை ஒருவரும் நினைக்கவில்லை.

மணி அடிக்கிற குணா ஸ்ரீ சிட்டியில் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் இப்போதுதான் வந்து இறங்கியிருப்பான். நைனா செத்த செய்தியை யாராவது சொல்லியிருப்பார்கள். முகம்கூடக் கழுவாமல் கயிற்றைப் பிடித்திருப்பான்.

"மாதர் சங்கக் கூட்டம்ணா," என்றாள் பிளெஸ்ஸி.



கூட்டத்துக்கு அடிக்கிற மணி படபடவென்று அடிக்கும். இது அப்படி இல்லை. செத்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. சின்ன வயதில் இந்த மணி கேட்டால் இரண்டு பேரும் விளையாட்டை நிறுத்திவிட்டு எண்ணுவார்கள். நின்றதும், எந்த வீடு என்று முதலில் சொல்வதற்குப் போட்டி போடுவார்கள்.

குழாயை இன்னும் திருகினாள். தண்ணீரையும் மீறிக் கேட்டது மணி.

போனைத் துண்டிக்கலாம். துண்டித்தால் அதுவே போதும் அவனுக்கு.

மறுமுனையில் சன்னமான முணுமுணுப்பு. அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

நாற்பதைத் தாண்டியது. ஐம்பது. அறுபது. நைனாவின் வயதுக்கு மேல் ஏழெட்டு அடி கூட்டி அடித்துவிடேன் குணா, வேறு யாராவது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

குணா வேலையில் சுத்தம். அறுபத்தேழில் நிறுத்தினான்.

முணுமுணுப்பும் அங்கேயே நின்றது.

எந்த வீடு என்று அவன் கேட்கவில்லை. தொண்டையைச் செருமினான்.

"அடுத்தது கேளுடி," என்றான். "டைம் ஆவுது."

அவள் கேட்டாள். அவன் சொன்னான்.

ஒன்றுகூடத் தப்பவில்லை.