சாவிக்கு ஒரு சிபாரிசு

"டை கோணலா இருக்கு மாமா" என்றாள் மருமகள்.

"டாக்டர் பார்க்கப்போறது என் உடம்பை. டையை இல்லை" என்று சீறிவிட்டு, மாஜி டையை நேராக்கிக்கொண்டார். தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றும் உத்தரவு போடுவதிலிருந்து ஓய்வு பெறாததால், வீட்டில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அது.

போன மாதம் கார் ஓட்டும்போது தலைசுற்றி, சொந்த வீட்டு கேட்டையே இடித்துச் சாய்த்தார். அன்றைக்கு மகன் பறிமுதல் செய்த கார் சாவி இன்னும் அவன் சட்டைப்பையில்தான் இருக்கிறது. 'ஓட்டலாம்' என்று டாக்டர் வாயிலிருந்து வந்தால்தான் அதற்கு விடுதலை.

வழக்கமான டாக்டர் லீவு. முகம் தெரியாத ஒரு புது டாக்டர் வீடியோவில் பார்ப்பார் என்று சொல்லி, எல்லா நோயாளிகளுக்கும் அனுப்பும் லிங்க்கையே இவருக்கும் அனுப்பியிருந்தது கிளினிக்.

"குடுங்கப்பா, நான் போட்டுத் தரேன்" என்றான் மகன்.

"அணை கட்டினவனுக்கு ஒரு பட்டன் அமுக்கத் தெரியாதா? தள்ளு!"

முதலில் கால்குலேட்டர் வந்தது. அப்புறம் டார்ச் எரிந்தது. கடைசியில் லிங்க்கும் திறந்தது.

"இன்னும் அரைமணி இருக்கே மாமா, இப்பவே யாரு வந்திருக்கப்போறா?"

திரையில் நரைத்த தலை, தங்க ஃபிரேம் கண்ணாடி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மாஜி மருமகளை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தார்.

"வணக்கம். ஆரம்பிக்கலாமா?" என்றார். எந்தக் கூட்டத்தையும் தானே ஆரம்பித்துவைத்துத்தான் அவருக்குப் பழக்கம்.

"உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்" என்றார் வெள்ளைச் சட்டை, பணிவாக.

மாஜி தொண்டையைச் செருமி, ஆய்வறிக்கை வாசிக்கும் தோரணையில் முழங்கினார். "பிரஷர் நார்மல். சுகர் கட்டுக்குள்ள. தலைசுத்தல் அறவே இல்லை. ஆக, கார் ஓட்டறதுக்குத் தடை ஒண்ணும் இருக்கிறதா தெரியலை."

வெள்ளைச் சட்டையின் முகம் மலர்ந்தது. "அதானே! என்ன தடை? தாராளமா ஓட்டலாம். வீட்ல இருக்கிறவங்கதான் வீணா பயந்து சாகறாங்க."

மாஜி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் மகன் பக்கம் நீட்டினார். டாக்டரே சொல்லிவிட்டாரே என்று மகன் சட்டைப்பைக்குள் கையை விட்டான். சாவி கைமாறியது.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் மாஜி, மகன் காதில் விழும்படி. "நீங்க சொன்னா அதுக்கு மேல அப்பீலே கிடையாது."

வெள்ளைச் சட்டை திரைக்கு நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னா யாரு கேக்கறா டாக்டர்? என் பொண்ணைக் கூப்பிடறேன், நீங்களே சொல்லிச் சாவியை வாங்கிக் குடுங்க!"